ஞாயிற்றுக்கிழமை மருந்து

றுகையா: வித்த மருந்தத் திருப்பி எடுக்குற பழக்கம் எங்கட கடையில இல்ல புள்ள. அந்தா, செவுத்துல எழுதி ஈக்கி பாரு.

பிரேமலதா: அது சிங்களத்துல இருக்குதுக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாது.

றுகையா: பஸ் கண்டக்டரோட சண்ட புடிக்க மட்டும் சிங்களம் வரும், என்ன?

பிரேமலதா: அது வாயில வரும். செவுத்துல வராது... அக்கா, எனக்கு காசு வேணாம். போத்தல மட்டும் எடுத்துக்குங்க.

றுகையா: காசு வேணாமா... மக்கீன் முதலாளிக்கு வாக்கப்பட்டு இந்த றக்வான பசாருக்கு வந்த நாள்லேந்து நான் இந்தக் கல்லாவுலதான் குந்துறேன். சாமானையும் தந்துட்டு காசும் வேணாங்குற ஆள இண்டைக்குத்தான் பாக்குறேன். அதுவும் மனுசன் சாமான் எடுக்க இரத்தினபுரிக்குப் போன நேரமாப் பாத்து வந்திருக்க.

பிரேமலதா: ஒங்க வீட்டுக்காரரு மக்கீன் நானா கடையில இருந்தா ஏசுவாருன்னுதான்... நீங்கன்னா பாவம் பாப்பீங்கன்னு.

றுகையா: பாவம் பாக்கலாம். முந்தி காரணத்தச் செல்லு. போத்தல்ல என்ன கொற? சீல் ஒடைக்கல்ல. லேபல் கிழியல்ல.

பிரேமலதா: கொறயெல்லாம் ஒண்ணுமில்ல. நல்ல மருந்துதான்.

றுகையா: நல்ல மருந்த ஏன் திருப்பித் தாற?

பிரேமலதா: ரொம்ப நல்ல மருந்தா இருக்கும் போல... அதான்.

றுகையா: எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நேத்து அந்திக்கு ஒன்ட அண்ணன் கிருஷ்ணராஜ் வந்து இதே இடத்துல நிண்டாரு. போஞ்சிக்காய்ப் பாத்தியில புழுவாம், எத அடிச்சும் சாகுதில்லயாம், கடையில ஈக்கிறதுலயே காரமானதத் தரட்டாம். தந்தேன். கையோட புத்தியும் செல்லித்தான் விட்டேன். கைக்கு உறை போடணும், புள்ளைகள அண்ட விடப்படாது, அடிச்சா ரெண்டு கிழமைக்கு ஒரு காய் புடுங்கப்படாது எண்டு...

பிரேமலதா: அதத்தான் நானும் சொல்றேன். இது காய் புடுங்குற நேரம்க்கா. பிஞ்சு கொத்துக் கொத்தாத் தொங்குது. லயத்துப் புள்ளைங்க பச்சையாவே கடிச்சிக்கிட்டுத் திரியுதுங்க. இந்த நேரத்துல இத அடிச்சா...

றுகையா: ஹரி, சரிதான், அது நியாயமான பேச்சு. எங்கட ஊட்டுக்குப் பொறத்தால பாவக்கா கொடி ஈக்கிது. பூச்சி விழுந்திச்சி. மனுசன் பசார் முழுக்க மருந்து விக்கிறாரு, என்ட கொடிக்கு ஒரு சொட்டு அடிக்க விட மாட்டேண்டுட்டாரு. "நான் திங்கிற பாவக்கா, அதுல கை வைக்காத" எண்டாரு. நான் சிரிச்ச சிரிப்பு. யாவாரம் வேற, வயிறு வேற... சரி, இத அண்ணனுக்கிட்ட செல்ல ஏலாதா நீ?

பிரேமலதா: சொன்னேன். "அப்ப புழுவ என்னா பண்றது"ன்னு கேக்குறாரு.

றுகையா: அதுவும் நியாயமான பேச்சுதான். அது என்ன இரும்புல செஞ்ச புழுவோ தெரியல்ல. ஞாயிறு தவறாம ஒரு ஆள் டாங்கியத் தூக்கிட்டு வந்து அடிக்கிறாராமே. தேயில மலைக்கு மருந்தடிக்கிற கேங்ல வேல செய்ற ஆளாம். பேரு... யோகராஜோ என்னவோ.

பிரேமலதா: யோகராஜ்தான்.

றுகையா: பேரச் செல்லக்குள்ள ஏன் தலையக் குனியிற?

பிரேமலதா: குனியல. காலுல எறும்பு.

றுகையா: என்ட கடையில எறும்பு இல்ல. இது பூச்சி மருந்து விக்கிற கடை.

பிரேமலதா: கிண்டல் பண்ணாதீங்கக்கா...

றுகையா: கிண்டல் இல்ல, கேள்வி. கீழ ஒங்கட பணிய லயத்துல வீட்டுக்கு வீடு வாசல்ல பாத்தி ஈக்கி. பூச்சி எல்லார்ட பாத்தியிலயும் ஈக்கி. அவரு ஒங்கட பாத்திக்கு மட்டும் ஏன் வாறாரு?

பிரேமலதா: எங்க பாத்தியிலதான் ரொம்ப இருந்துச்சு. அண்ணன்தான் மொதல்ல கூப்பிட்டாரு. பீலியில குளிக்கப் போன எடத்துல கண்டு, ஒரு நாளைக்கு வந்து நம்ம போஞ்சிக்கும் கொஞ்சம் அடிச்சு வுடுன்னாரு. அவரு வந்தாரு. அடுத்த ஞாயித்துக்கெழம யாரும் கூப்பிடல. அவரே வந்தாரு.

றுகையா: பொறகு?

பிரேமலதா: பொறகும் வந்தாரு.

றுகையா: நீயும் வேணாங்கல்ல.

பிரேமலதா: வீடு தேடி வர்ற மனுசன எப்படி வேணாங்கறது... வந்தாலும் சும்மா வர மாட்டாருக்கா. முட்டி வரைக்கும் பூட்ஸ், கைக்கு உறை, மூஞ்சிக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, மேல மழைக்கோட்டு. சந்திரனுக்குப் போற ஆள் மாதிரி வந்து நிப்பாரு. புள்ளைங்கள எட்டிப் போகச் சொல்லுவாரு. என்னைய உள்ள போயி கதவச் சாத்திக்கச் சொல்லுவாரு. ஒரு புல்லப் பிச்சிப் பறக்க வுட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்பாரு. அப்பறம்தான் ஆரம்பிப்பாரு. ஒவ்வொரு எலையா, மேலயும் கீழயும்... பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி.

றுகையா: கதவச் சாத்திட்டு ஈக்கிற ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பிரேமலதா: ...கதவுல ஓட்டை இருக்கு.

றுகையா: ஈக்கும், ஈக்கும். அவ்வளவு அடிச்சும் புழு சாகல்லயா?

பிரேமலதா: சாகாது. குளிச்சிட்டுத் தெம்பா இருக்கும்.

றுகையா: லயத்துச் சனம் என்ன செல்லுது?

பிரேமலதா: கொழுந்து மலையில நிக்க வுட மாட்டேங்கறாளுங்க. ஒங்கூட்டுப் புழுவுக்கு ஆயுசு கெட்டி, ஜாதகம் பாத்தியான்னு கேக்குறாளுங்க. நான் காதுல வாங்குறதில்ல.

றுகையா: சரி, அடிச்சி முடிஞ்சா?

பிரேமலதா: அதையெல்லாம் கழட்டி வச்சிட்டு, கைகால் கழுவிட்டு, வாசல் கல்லுல குந்துவாரு. பிளேன்டி குடுப்பேன்.

றுகையா: பேசுவாரா?

பிரேமலதா: பேசுவாரு.

றுகையா: எனத்த?

பிரேமலதா: "சீனி போதும்"னு.

றுகையா: அவ்வளவுதானா?

பிரேமலதா: ஒரு தடவ "மழை வரும் போல"ன்னாரு... வந்துச்சு.

றுகையா: யா அல்லாஹ். புழுவுக்கு மருந்து ஈக்கிற மாதிரி வாயத் தொறக்க வைக்கவும் ஒரு மருந்து வந்திருந்தா, நான் முதல் போத்தல ஒனக்குச் சும்மாவே தந்திருப்பேன்.

பிரேமலதா: போத்தல எடுத்துக்குங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாகுது.

றுகையா: இரு. ஒரு விசயம் ஈக்கி. செல்லவா வேணாவா எண்டு நேத்துலேந்து மனசுல கெடந்து உருளுது. ஒன்ட அண்ணன் மருந்து வாங்கினவரு ஒடனே போகல்ல. இந்தத் தூணப் புடிச்சிட்டு நிண்டாரு. எனக்குப் போஞ்சி பெரிசில்லக்கா, ஊர் வாய்தான் பெரிசு எண்டாரு. அவன் புழுவுக்கு வாறானா, எங்க பிரேமாவுக்கு வாறானான்னு தெரியணும். புழுவுக்குத்தான்னா ஞாயித்துக்கெழம காலையில நானே இத அடிச்சிருவேன், இனி அவன் வரத் தேவையில்ல. பிரேமாவுக்குன்னா வெத்தலத் தட்டோட வரட்டும், நான் வேணாங்க மாட்டேன். பொண்ணு ஊட்டுக்காரன் நான் போயி எப்படி வாய் விட்டுக் கேக்குறது எண்டு... சிரிச்சிட்டுத்தான் செல்லினாரு. ஆனா கண்ணு சிரிக்கல்ல.

பிரேமலதா: எங்கண்ணனா அப்படிச் சொன்னாரு?

றுகையா: ஒன்ட அண்ணன்தான்.

பிரேமலதா: எங்கிட்ட அவரு சொன்னது வேறக்கா. நாளைக்கு அந்திக்கு பெல்மதுளையிலேருந்து பொண்ணு பாக்க வாராங்கன்னாரு. மாப்புள்ள ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவராம். குடி கெடையாதாம். சொந்தமா ரேடியோ வச்சிருக்காராம்.

றுகையா: ரேடியோவயா கட்டப் போற... ஒனக்குப் புடிச்சிருக்கா? செல்லு புள்ள. நீயும் நானும்தான் ஈக்கிறோம்.

பிரேமலதா: அண்ணி போனதுலேருந்து அண்ணன் புள்ளைங்கள நான்தான் வளத்தேன். அதுங்க இப்ப பெருசாயிருச்சு. எனக்கும் முப்பது தாண்டிருச்சு. இத்தன நாளா எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லக்கா, கேக்கவும் தோணல. இந்த ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. சனிக்கெழம ராத்திரியே கிளாசக் கழுவிக் கவுத்து வச்சிருவேன். நாளைக்குக் காலையில அண்ணன் இத அடிச்சிட்டா அவரு வர மாட்டாரு. அந்திக்கு வெத்தல மாத்திட்டாங்கன்னா, அதோட சரி... அதான் அண்ணன் இல்லாத நேரம் போத்தலத் தூக்கிட்டு ஓடியாந்தேன்.

றுகையா: போத்தலத் தா.

பிரேமலதா: எடுத்துக்கிறீங்களா?

றுகையா: எடுத்துக்கிறேன். காசையும் ஒன்ட அண்ணனுக்குக் குடுத்து விடுறேன். ஆனா ஒண்டு கேளு. இந்தப் போத்தல் போனா இன்னொரு போத்தல் வரும், எதிர்ல இன்னொரு கடை ஈக்கி. போத்தல ஒளிச்சிக் காரியமில்ல. அந்த ஆள் வாயத் தொறக்கணும்.

பிரேமலதா: அவரா... நாளைக்குள்ளயா...

றுகையா: ஒங்கட ஆக்கள் ஒரு பேச்சு செல்லுவீங்களே, கும்பிடப் போன சாமி குறுக்க வந்திச்சி எண்டு. பாலத்தடியில எறங்கி வாறது யாரு பாரு.

பிரேமலதா: அய்யோ, அவருதான். நான் போறேன்.

றுகையா: போனா நேர முட்டுவ. அந்தச் சாக்குகளுக்குப் பின்னால குந்து.

பிரேமலதா: எதுக்குக்கா?

றுகையா: குந்தெண்டா குந்து. மூச்சு விடப்படாது.

பிரேமலதா: இது என்னா சாக்கு, கண்ணெல்லாம் எரியிது...

றுகையா: செத்தல் மொளகா. பேசாத... வாங்க தம்பி, வாங்க. இண்டைக்கு அரைநாளா?

யோகராஜ்: ஆமாங்க. பார் சவுக்காரம் ஒண்ணு குடுங்கக்கா. எப்பவும் எடுக்குறது.

றுகையா: எப்பவும் எடுக்குறது. அதத்தான் நானும் பாத்துட்டு ஈக்கிறேன். சனிக்கெழம வந்தா ஒரு பார். தனி மனுசன். ஒங்கட உடுப்பு எத்தனை ஈக்கப் போகுது. தம்பி, சவுக்காரத்தத் திங்கிறீங்களா?

யோகராஜ்: வேல அப்படிக்கா. மருந்து வாட போகணுமே.

றுகையா: மருந்தடிக்கிற ஆக்களுக்குத் தோட்டமே சவுக்காரம் குடுக்குதே.

யோகராஜ்: ...அதுவும் குடுக்குது.

றுகையா: அப்ப இது?

யோகராஜ்: இது வேற வேலைக்கு... குடுங்கக்கா, போகணும்.

றுகையா: தாறேன். அதுக்கு முந்தி ஒரு கேள்வி. பணிய லயத்துல போஞ்சிக்கு ஞாயித்துக்கெழம மருந்தடிக்கிறீங்களாம். அந்த மருந்த எங்க வாங்குறீங்க? என்ட கடையில வாங்கல்ல. எதிர்க்கடையிலயும் வாங்கல்ல.

யோகராஜ்: எதிர்க்கடையிலயும் கேட்டீங்களா?

றுகையா: கேக்காம? யாவாரம் தம்பி. அப்ப தோட்டத்து ஸ்டோர் மருந்தா? அது களவாச்சே.

யோகராஜ்: சத்தியமா இல்லக்கா. ஸ்டோர்லேருந்து ஒரு சொட்டு எடுத்ததில்ல. டாங்கியே தோட்டத்து டாங்கி இல்ல. அதுல கெழமையெல்லாம் புல்லு சாகுற மருந்து அடிக்கிறோம், என்னாதான் கழுவினாலும் அடியில நிக்கும். அதக் கொண்டு போயி போஞ்சியில அடிச்சா, போஞ்சி மறுநா கருகிரும். மேட்டு லயத்துல ஒருத்தன் அப்படிச் செஞ்சு, பொண்டாட்டி ஒரு மாசம் சோறு போடல. நான் பழசு ஒண்ணு சொந்தமா வாங்கி வச்சிருக்கேன்.

றுகையா: சொந்த டாங்கி. நல்லம். அதுக்குள்ள என்ன? செல்லுங்க தம்பி, நான் ஒங்கட அக்கா மாதிரி.

யோகராஜ்: தண்ணிக்கா.

றுகையா: தண்ணியா?

யோகராஜ்: சவுக்காரத் தண்ணி. பாரச் சீவிப் போட்டுக் கரைச்சது. கொஞ்சம் சாம்பல். அம்புட்டுத்தான்.

றுகையா: அப்ப அந்த பூட்ஸ், கையுறை, மாஸ்க், கண்ணாடி, மழைக்கோட்டு...

யோகராஜ்: மருந்தடிக்கிறேன்னு நம்பணுமேக்கா.

றுகையா: சவுக்காரத் தண்ணிக்கு மாஸ்க் போட்ட ஒரே ஆள் இந்த ஒலகத்துல நீங்கதான்.

யோகராஜ்: ஒரு நா அவங்க அண்ணன் கேட்டாரு, என்னாப்பா நொரை தள்ளுதுன்னு. புது மருந்து, அப்படித்தான் நொரைக்கும்னேன். எட்டி நின்னுக்கிட்டாரு.

றுகையா: ஏன் தம்பி இந்தக் கூத்து? மருந்தடிக்க ஒங்களுக்குத் தெரியாதா?

யோகராஜ்: தெரிஞ்சதாலதாங்கக்கா. போன வருசம் பங்களாவுல புல்லுத் தரை மஞ்சளாப் போச்சு. அடியில வெள்ளப் புழு. தொரைசாணி பார்ட்டி வைக்கப் போறாங்க, சுருக்கா அடின்னு உத்தரவு. அடிச்சேன். புல்லு பச்சையாத்தான் வந்துச்சு. ஆனா மறுநா விடியப் போயிப் பாக்குறேன், மைனா. புழு பொறுக்க எறங்கின மைனாவெல்லாம் அங்கங்க காலத் தூக்கிட்டுக் கெடக்கு. பொறுக்கிப் பொதைச்சது நான்தான். அப்பறம் பார்ட்டியில ஒரு பச்சப் புள்ள அதே புல்லுல தவழ்ந்துச்சு. நான் போயி சொன்னேன், தூக்கிட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

றுகையா: அல்லாட காவல்...

யோகராஜ்: அதுக்கப்பறம்தான் கிருஷ்ணராஜ் அண்ணன் கூப்பிட்டாரு. நல்ல மருந்துதான் கொண்டு போனேன், பொய் சொல்லல. போயி நின்னா, அவங்க வந்தாங்க. பிரேமலதா. ஒரு பிஞ்சப் புடுங்கி அப்படியே வாயில போட்டு மென்னுக்கிட்டு, "இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு எலை எலையாத் திருப்பி புழுவக் காட்டுறாங்க. கழுவக்கூட இல்ல. அந்த வாய்க்குப் போற செடியில நான் எப்படிக்கா மருந்தடிக்கிறது? டாங்கி சரியில்லன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயி, சவுக்காரத்தக் கரைச்சிட்டு வந்தேன்.

றுகையா: அது முதல் ஞாயிறு. பொறகு?

யோகராஜ்: பொறகு... புழு சாகல.

றுகையா: அப்ப கவலப்பட்டிருப்பீங்க.

யோகராஜ்: இல்லக்கா. சந்தோசப்பட்டேன்.

றுகையா: ஏன்?

யோகராஜ்: செத்துருச்சுன்னா அடுத்த கெழம எதச் சொல்லிக்கிட்டுப் போறது?

றுகையா: வாய் ஈக்கே. வாயத் தொறந்து கேக்கிறது.

யோகராஜ்: மருந்தடிக்கிறவனுக்கு யாருக்கா பொண்ணு குடுப்பாங்க? ரெண்டு எடத்துல கேட்டாச்சு. என்னா வேலன்னு கேட்டாங்க, சொன்னதும் எந்திரிச்சிட்டாங்க. மருந்து மேலுல ஊறிரும், புள்ள பொறக்காது, சீக்கிரம் போயிருவான்னு பேச்சு. நான் கேட்டு, அவங்களும் அதையே சொல்லிட்டாங்கன்னா... ஞாயித்துக்கெழமையும் போயிரும். இப்ப பிளேன்டியாவது கெடைக்குது. கெழமையெல்லாம் அந்த மலையில முதுகுல டாங்கியோட ஏறி எறங்கயில, அந்தப் பிளேன்டி ஒண்ணுதான் நெனப்புல நிக்கும்.

பிரேமலதா: அச்...

யோகராஜ்: என்னக்கா சத்தம்?

றுகையா: எலி.

யோகராஜ்: எலி தும்முமா?

றுகையா: மொளகா சாக்குக்குள்ள பூந்தா எலியும்தான் தும்மும்.

பிரேமலதா: அச்... அச்சூ... போதும்க்கா, என்னால முடியாது. நான் வெளிய வாரேன்.

யோகராஜ்: ...

பிரேமலதா: ...

றுகையா: ஹரி. ரெண்டு ஊமையும் ஒரு கடையில. நான் எங்கிட்டாவது போகவா, இல்ல குந்தி ஈக்கவா?

பிரேமலதா: இருங்கக்கா. போகாதீங்க.

யோகராஜ்: நீங்க... எம்புட்டு நேரமா?

பிரேமலதா: சவுக்காரத்துலேருந்து.

யோகராஜ்: அப்ப எல்லாமே...

பிரேமலதா: எல்லாமே. வேகாத வெயில்ல அந்த மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு நீங்க வேர்த்து ஒழுகயில, எனக்கு உள்ள வயிறு எரியும். நம்ம போஞ்சிக்காக ஒரு மனுசன் வெசத்துல நிக்கிறாரேன்னு சாமிக்கு நேர்ந்துக்கிட்டேன். சவுக்காரத் தண்ணிக்கா நேர்ந்தேன் நான்?

யோகராஜ்: தப்புதாங்க.

பிரேமலதா: அதனாலதான் தேத்தண்ணியில சீனிய அள்ளி அள்ளிப் போட்டேன், ஒடம்பு தேறட்டும்னு.

யோகராஜ்: அதான் "சீனி போதும்"னு சொன்னேன்.

றுகையா: அல்லாவே, இதுக்குப் பேரா பேச்சு.

பிரேமலதா: மைனா கதைய ஏன் எங்கிட்டச் சொல்லல?

யோகராஜ்: நீங்க கேக்கலியே.

பிரேமலதா: நீங்களும்தான் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. இப்பக் கேளுங்க.

யோகராஜ்: இங்கயா?

பிரேமலதா: நாளைக்கு அந்திக்கு பெல்மதுளையிலேருந்து என்னையப் பாக்க வாராங்க. காலையில அண்ணன் மருந்தடிக்கிறதா இருந்தாரு. அடிச்சா ஒங்களுக்கும் ஞாயித்துக்கெழம இல்ல, எனக்கும் இல்ல. கேக்குறதா இருந்தா இங்கதான், இப்பதான்.

யோகராஜ்: பொண்ணு பாக்கவா... நாளைக்கா...

றுகையா: ரேடியோ வேற வச்சிருக்காராம் மாப்புள்ள.

யோகராஜ்: ...நான் சொன்னதக் கேட்டீங்கதானே. புள்ள பொறக்காதுங்கறாங்க.

பிரேமலதா: ஒங்க கேங் கங்காணி வீட்டுல போன மாசம் ரெட்டப் புள்ள. அவரு இத்தன வருசமா மருந்தடிக்காம பன்னீரா அடிச்சாரு?

றுகையா: அப்படிக் கேளு.

பிரேமலதா: பொறக்காட்டியும் போகட்டும். அண்ணன் புள்ளைங்களத் தூக்கி வளத்த கைதான் இது, எனக்குக் கொற இல்ல. நான் புள்ளைக்காக ஆள் தேடல. எலைக்கு மேலயும் கீழயும் பாத்துப் பாத்து அடிக்கிற மனுசன... அது சவுக்காரத் தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும்...

யோகராஜ்: முடிங்க.

பிரேமலதா: முடிக்கிறது ஒங்க வேல.

யோகராஜ்: ...பிரேமா.

பிரேமலதா: ம்.

யோகராஜ்: என்னையக் கட்டிக்கிறியா?

றுகையா: பதில் செல்லு புள்ள. தம்பிக்கு மாஸ்க் போடாமலே மூச்சு முட்டுது.

பிரேமலதா: கட்டிக்கிறேன்.

றுகையா: அல்ஹம்துலில்லாஹ். இந்தா, ஆளுக்கொரு துண்டு தொதல். வாயத் தொறந்ததுதான் தொறந்தீங்க, இனிப்பா ஒண்டு போடுங்க... கேளுங்க தம்பி. நாளைக்கு விடிய டாங்கியத் தூக்கப்படாது. வெத்தலத் தட்டத்தான் தூக்கணும். வெத்தில பாக்கு இங்கேயே கட்டித் தாறேன். கூடப் போக பெரிய மனுசர் யாரும் ஈக்கா?

யோகராஜ்: எங்க கந்தையா மாமா இருக்காரு. அவரு வாயத் தொறந்தா மூட மாட்டாரு.

றுகையா: அப்படி ஒரு ஆள்தான் ஒங்களுக்குத் தேவ.

பிரேமலதா: வெயில் ஏறுறதுக்கு முந்தி வந்துருங்க. அண்ணன் குளிச்சிட்டு வாசல்ல நிப்பாரு. பெல்மதுளைக்காரங்களுக்கு வராதீங்கன்னு சொல்லியனுப்ப நேரம் வேணும்.

யோகராஜ்: மழைக்கோட்டு மாஸ்க் இல்லாம வந்தா ஒங்கண்ணனுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?

பிரேமலதா: எனக்குத் தெரியும்.

றுகையா: பாரு, பத்து நிமிசத்துல பேச்ச. இவ்வளவு நாளா இத எங்க வச்சிருந்தீங்க தம்பி?

யோகராஜ்: அக்கா, நான் வாயத் தொறந்துட்டேன், சரி. ஆனா ஒரு பயம் இருக்கு. அவரு கேப்பாரே. இத்தன கெழமையா அடிச்சியே, ஒரு புழுவக் கொல்ல முடியல, நீ எந்தங்கச்சிய என்னா காப்பாத்தப் போறன்னு. என்னான்னு சொல்றது?

பிரேமலதா: அத நான் பாத்துக்கிறேன்.

யோகராஜ்: நீ எப்படிப் பாத்துப்ப? எனக்கே வெளங்காத புழு பிரேமா அது. நானும் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து எத்தனையோ பூச்சியப் பாத்துட்டேன். எலையப் பாத்தாலே எது தின்னுச்சுன்னு சொல்லிருவேன். ஒங்க போஞ்சியில புழு இருக்கு, எலையில ஒரு ஓட்டை இல்ல. காயில ஒரு கடி இல்ல. விருந்துக்கு வந்தது மாதிரி சும்மா ஒக்காந்திருக்கு. எதையும் திங்காம எப்படி அது உசிரோட இருக்கு?

றுகையா: நோன்பு புடிக்கிதோ என்னவோ.

யோகராஜ்: வெளையாட்டில்லக்கா. நாளைக்கு நான் தட்டோட போயி நிக்கயில, பின்னால பாத்தியில புழு ஊர்ந்துக்கிட்டு இருக்கும். மானம் போயிரும்.

பிரேமலதா: நாளைக்கு ஒரு புழுவும் இருக்காது.

றுகையா: எப்படி புள்ள? மருந்ததான் என்னட்டத் திருப்பித் தந்துட்டியே.

பிரேமலதா: போஞ்சிப் புழுவெல்லாம் இவரு சவுக்காரத் தண்ணிக்கு ரெண்டாவது ஞாயித்துக்கெழமையே செத்துப் போச்சுக்கா. அப்பறம் இவரு குளிப்பாட்டினதெல்லாம் மேல் மலையில, மேல்கணக்குல இருக்குற வெள்ளையம்மாக்கா பாத்தியில இருந்த கோவாப் புழு, முட்டக்கோசுதான் திங்கும், அதுக்குப் போஞ்சி புடிக்காது... சனிக்கெழம அரைநாள் வேல முடிஞ்சதும் நான்தான் போயி, பொறுக்கி, சோத்துப் பொட்டியில போட்டுக் கொண்டாந்து வுட்டேன். இன்னைக்கு இங்க வந்துட்டதால போகல, போன கெழம வுட்டதெல்லாம் இந்நேரம் பட்டினியில செத்திருக்கும். இனிமேயும் போக மாட்டேன்... வெள்ளையம்மாக்காதான் பாவம், கோவாவுல ஒரு புழுவும் நிக்க மாட்டேங்குது, எல்லாம் ஆத்தா கிருபைன்னு வாராவாரம் மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க.